அப்பாவின் கிளினிக் கொப்பி

ஒரு ஞாயிறு இரவு அப்பாவுக்கு விலாவில் குத்துத் தொடங்கியது. மறுநாள் பின்னேரமே கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரை சனல் பண்ணினோம். ஸ்கானில் 6 மில்லிமீட்டர் கல். எக்ஸ்ரேயில் அது தெரியவில்லை, சிறுநீரின் பீஎச் 5. யூரிக் அமிலக் கல்லாக இருக்கும் என்றார். சிறுநீரின் புளிப்பைக் குறைத்து பீஎச்சை 6.5 வரை ஏற்றினால் அந்த வகைக் கல் கரையவும் கூடுமாம். அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட். ஐந்து நிமிடத்தில் துண்டோடு வெளியே வந்துவிட்டோம். வேறு என்ன மருந்து குடிக்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் பார்மசியில் நின்ற பிள்ளைதான் கேட்டாள், "ஐயாவுக்குப் பிரஷர், இதய வருத்தம் ஏதும் இருக்கா அக்கா?" கிளினிக் கொப்பியை நீட்டினேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கியவள் இரண்டு பெயரில் நின்றாள்: லொசாட்டன், ஸ்பைரோனோலக்டோன். "ரெண்டுமே உடம்பில பொட்டாசியத்தைத் தேக்கிற மருந்து. அதுக்கு மேல இதையும் தர எனக்குப் பயமா இருக்கு. ரத்தம் பார்த்திட்டு வாங்கோ." சரி, வலிக்காவது டைக்ளோபெனாக் தாங்கோ என்றேன். கிட்னிக்குக் கூடாது என்று அதையும் தரவில்லை. பரசிட்டமோல் ஒரு கார்ட் மட்டும். எனக்கு வந்த எரிச்சலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரத்தத்தில் பொட்டாசியம் 5.6. ஏறக்குறைய 3.5இலிருந்து 5க்குள் நிற்க வேண்டியது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் போன வருடத்தைவிடக் கூடியிருந்தது. கிளினிக்கில் உடனே ஈசீஜி எடுத்தார்கள், நல்லவேளை பிழையில்லை. அங்கிருந்த டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பொட்டாசியம் பெரும்பாலும் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி தளர்ந்தால் அது இரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குழப்பும். அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் அதே ஆபத்து. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை குடலை அரிக்கலாம். சிறுநீரில் கிருமி இருந்தால் வேறு சிக்கல்: சில கிருமிகள் தாங்களே சிறுநீரைக் காரமாக்கி வேறு வகைக் கல்லை வளர்க்கும், அந்த நேரத்தில் காரம் ஏற்றுவது கல்லுக்குத் தீனி போடுவது மாதிரி. அதனால் யூரின் கல்ச்சரும் எழுதினார்.

இதற்கிடையில் பக்கத்து பிளாட் அன்ரி அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிக்கச் சொன்னா. அதுவும் காரம்தானே? கேட்டபோது டொக்டர் சிரிக்கவில்லை. ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இதயம் தளர்ந்து நீர் கோர்த்த உடம்பில் அவ்வளவு உப்பை ஏற்ற முடியாது.

கடைசியில் அவர் கேட்டது, "ஐயா தெம்பிலி குடிக்கிறவரா?" தினமும் ஒன்று, காலையில் நடந்துவிட்டு வரும்போது. இளநீரில் பொட்டாசியம் நிறைய. அன்றோடு நிறுத்தினார், ஸ்பைரோனோலக்டோனையும் தற்காலிகமாக நிறுத்தினார்.

இரண்டு கிழமையில் பொட்டாசியம் 4.8. கல் இன்னும் இருக்கிறது, கமரா விட்டு எடுக்கத் திகதி தந்திருக்கிறார்கள். அதைப் பற்றி அப்பா ஒன்றும் கேட்பதில்லை. தெம்பிலிக்காரரைக் கடக்கும்போதுதான் நடை மெதுவாகிறது, "பாதி குடிச்சால் என்னவாம்?"