டோல் விப், குலசேகரம் பக்குவம்

ஜூன் 29, 2024, சனி

அண்ணன் மகள் கலிபோர்னியாவிலிருந்து லீவுக்கு வந்து இறங்கியது முதல் ஒரே பேச்சு, டோல் விப். டிஸ்னிலேண்டில் பொம்மைப் பறவைகள் பாட்டுப் பாடும் டிக்கி ரூம் என்று ஓர் அரங்கு உண்டு. அதன் வாசலை ஒட்டிய கடையில் விற்கும் அன்னாசி ஐஸ் அது. சுருள் சுருளாகக் கோப்பையில் இறங்கிக் கூம்பி நிற்குமாம். "அத்தை, அது ஐஸ்கிரீம் இல்ல, குச்சி ஐஸும் இல்ல" என்கிறாள். பின்னே என்னதான் என்று கேட்டால், விரலால் காற்றில் ஒரு சுழி போட்டுக் காட்டுகிறாள்.

இங்கே வீட்டைச் சுற்றிக் கைதச்சக்கைதான், அன்னாசியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பழைய ரப்பர் மரங்களை முறித்துப் புதுத் தை, அதாவது கன்று, வைத்த இடத்தில், வரிசைக்கு நடுவே முழுக்க அதுதான் நிற்கிறது. தை வளர்ந்து நிழல் மூட மூன்று நாலு வருஷம் ஆகும், அதுவரை குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பழம் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலைக்கு வருகிறவர் இரண்டை நடையில் வைத்துவிட்டுப் போவார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு ஐஸ் செய்ய முடியாதா? செய்து தாறேன் மக்களே என்று சொல்லியாயிற்று.

ஜூலை 1, திங்கள்

ராத்திரி போனில் தேடிப் படித்தேன். டிக்கி ரூம் திறந்தது 1963-ல். அன்னாசி வியாபாரம் செய்யும் டோல் கம்பெனி அதற்கு ஸ்பான்சராக வந்தது 1976-ல். ஐஸ் வந்தது அதற்கும் பின்னால்: முதலில் 1984-ல் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில், 1986-ல் கலிபோர்னியாவில்.

சேர்மானத்தைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. அங்கே யாரும் பழம் நறுக்குவதில்லை. பையில் வருகிற பொடியைத் தண்ணீரில் கலக்கி சாஃப்ட் சர்வ் மெஷினில் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். பொடியில் முக்கால்வாசி சர்க்கரை வகையறா, கெட்டிப்படுத்தப் பசைகள், அன்னாசி மணம், கொஞ்சம் தேங்காயெண்ணெய். பால் கிடையாது. நம்மிடம் இருப்பது பழமும் தேங்காயும், இல்லாதது மெஷின். அந்த மெஷின்தான் உறையும்போதே கடைந்து காற்றை ஏற்றுகிறது. காற்று ஏறவில்லை என்றால் இனிப்புப் போட்ட பனிக்கட்டிதான் மிஞ்சும்.

2020-ல் பார்க்குகள் பூட்டிக்கிடந்தபோது, வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்று டிஸ்னியே ஒரு அளவு கொடுத்திருக்கிறது: உறைந்த அன்னாசித் துண்டு இரண்டு கப், அன்னாசிச் சாறு 4 அவுன்ஸ், அதாவது 120 மில்லி சுமார், வனிலா ஐஸ்கிரீம் பெரிய கரண்டி ஒன்று. முதலில் இதையே செய்து பார்ப்போம்.

ஜூலை 3, புதன்

ஃப்ரீசரில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. எங்கள் ஊரில் ஃப்ரீசர் என்றால் மீனுக்கு. சாளையும் நெத்திலியும் இருந்த டப்பாக்களைக் கீழே தள்ளி, பழத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். திறந்து வைத்தால் அன்னாசிக்கு மீன் வாடை ஏறும்.

பழத்தின் கண்களைச் சாய்வாக வரி வரியாக எடுத்தால் சதை வீணாகாது. நடுத்தண்டையும் எடுத்துவிட வேண்டும், நார் மிக்சியில் அரைபடாது. துண்டுகளை ஒட்டாமல் பரப்பி உறைய வைத்தேன். அப்படியும் மிக்சி நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது. அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஆற வைத்து, துண்டுகளை ஐந்து நிமிஷம் வெளியே விட்டு, விட்டு விட்டு அடித்தபோதுதான் வழிக்கு வந்தது. எல்லோரும் உடனே சாப்பிட்டார்கள், நன்றாகவே இருந்தது.

அம்மா மட்டும் ஜெப நேரம் முடிந்து வந்து எடுத்தாள். அதற்குள் கோப்பையில் உருகிப் பாயசமாகிவிட்டது. ஒரு வாய் வைத்ததும் முகம் கோணியது. "கைதச்சக்கையில பாலு விட்டா கைக்கும்லா. இதுகூடத் தெரியாதா அந்த ஊர்க்காரனுக்கு?"

தெரியும்தான். அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதன் வேலை, இறைச்சியை மிருதுவாக்க அன்னாசியைப் போட்டு ஊற வைப்பதும் இதனால்தான். பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தை அது துண்டு துண்டாக்கும்போது கசப்பு வருகிறது. ஃப்ரீசரில் வைத்தால் நொதி தூங்கும், சாகாது. உருகினால் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். நன்றாகச் சூடாக்கினால்தான் ஒழியும். டின்னில் வரும் பழமும் சாறும் சூடாக்கி அடைத்தவை என்பதால் அங்கே கைப்பு வராது. நம் வீட்டுப் பழம் பச்சை.

ஜூலை 4, வியாழன்

விடாத மழை. மத்தியானம் போன கரண்ட் ராத்திரிதான் வந்தது. உறைய வைத்த துண்டெல்லாம் தண்ணீர். அம்மா அதில் பச்சடி வைத்துவிட்டாள். மீனையும் பொரித்துத் தீர்த்தோம்.

ஜூலை 7, ஞாயிறு

பழத்தை வேக வைத்துவிட்டுப் பால் சேர்க்கலாம்தான். ஆனால் வெந்த அன்னாசிக்கு ஜாம் வாசனை வந்துவிடும். அதனால் பாலையே விட்டுவிட்டேன். தேங்காய்ப்பாலில் கேசின் இல்லை. பிரதமனுக்குப் பிழிவது போலத் தண்ணீர் அதிகம் விடாமல் ஒன்றாம் பால் அரைக் கப் எடுத்து, ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்தேன். மழைக்காலப் பழம் என்பதால் புளிப்பு தூக்கலாக இருந்தது, சர்க்கரை மூன்று கரண்டி போட்டேன். சர்க்கரை கூடினால் கல்லாக உறையாது என்பது இன்னொரு லாபம். ஒரு சிட்டிகை உப்பு. அரைத்து வைத்து ஒரு மணி நேரம் கழித்து, வேண்டுமென்றே உருக விட்டு ருசித்தேன். கைக்கவில்லை.

மைனி (அண்ணன் மனைவி), உறைந்த வாழைப்பழம் சேர்த்தால் இன்னும் வழுவழுப்பு வரும் என்றார். வீட்டில் மட்டிப்பழம் இருந்தது. குழந்தைக்கு முதல் முதலில் ஊட்டுவோமே, அதே விரல் நீளப் பழம்தான், 2023-ல் கன்னியாகுமரி மட்டி என்று புவிசார் குறியீடு வாங்கியது. மைனி சொன்னது சரி, வழுவழுப்பு அமைந்தது. ஆனால் மட்டியின் மணம் சும்மா இருக்குமா? அன்னாசியை ஓரங்கட்டிவிட்டது. அம்மாவுக்குப் பிடித்தது, சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அது வேறு பண்டமாகத்தான் பட்டது, இதில் வேண்டாம்.

ஜூலை 10, புதன்

இனி சுருள். கேக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் நட்சத்திரக் குழலைத் தேடி மார்த்தாண்டம் வரை போவானேன், முள்ளு முறுக்கு பிழிகிற அச்சு வீட்டிலேயே இருக்கிறது. ஒற்றை நட்சத்திரத் தகட்டைப் போட்டு, அச்சையும் கோப்பைகளையும் ஃப்ரீசரில் வைத்தேன். அச்சு சூடாக இருந்தால் ஓரம் உருகி, பிழியும்போது வழுக்கும்.

அரைத்த விழுதைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உறைய விட்டு, கட்டியாகும் முன் மறுபடி மிக்சியில் அடித்தேன். இரண்டாவது அடியில்தான் நிறம் வெளுத்துப் பொங்குகிறது, காற்று ஏறுவது கண்ணுக்கே தெரியும். உடனே அச்சில் அடைத்தேன். நான் அமுக்க, அண்ணன் மகள் கோப்பையை அடியில் பிடித்து மெல்லச் சுற்றினாள். முதல் சுற்று சரிந்தது. அடுத்தது வரி வரியாக ஏறி நின்றது. நுனியை நான் எடுப்பதற்குள் கோப்பையை இழுத்துவிட்டாள், கூம்பு சாய்ந்தே இருந்தது.

அவள் தீர்ப்பு: அது இதைவிட மஞ்சள், இதைவிட இனிப்பு, நாக்கில் இன்னும் லேசாக இருக்கும். இதில் பழம் ருசிக்கிறது, தேங்காயும் கொஞ்சம் தெரிகிறது. என் கணக்கில் இது நியாயமான தீர்ப்பு. பொடியின் ருசிக்காகப் பழத்தில் கலர் ஊற்ற எனக்கு மனமில்லை. அவளும் கேட்கவில்லை. கோப்பையில் அன்னாசிச் சாறு ஊற்றி அதன்மேல் சுருள் பிழிந்து, அங்கே ஃப்ளோட் என்று விற்பதையும் செய்துகொண்டாள். அம்மா தன் பங்கில் திற்பரப்பு அருவிக்கரையில் துண்டுக்குத் தூவித் தருவது போல உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினாள். அதையும் ஒரு கை பார்த்தாள் பிள்ளை.

மைனி அளவை எழுதி வாங்கிக்கொண்டார். அங்கே டின் அன்னாசிதான் சுலபம் என்றால் அதையே உறைய வைக்கட்டும், பாலும் ஊற்றலாம், கைக்காது. சர்க்கரை பாதி போதும், டின்னில் ஏற்கெனவே பாகு இருக்கும். அச்சுதான் அங்கே வீட்டில் இல்லையாம். சனிக்கிழமை மார்த்தாண்டம் போகும்போது பாத்திரக்கடையில் ஒன்று எடுத்து அவர்கள் பெட்டியில் போட வேண்டும்.