ஊருணியைச் சுற்றி 118 மீட்டர்

"சித்திரையில வந்து அளந்து பாருங்க தம்பி" என்று, பள்ளிக்கூடத்துக்கும் வரப்போகிற மதுக்கடைக்கும் நடுவில் தூரம் அளக்கப் போன என்னிடம் ஒரு அம்மா சொன்னதற்கு நான் சொன்ன பதில்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னை விடவில்லை. "இன்னைக்கு எப்படி இருக்கோ அதைத்தாம்மா நான் எழுத முடியும்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலமெல்லாம் நான் அப்படித்தான் எழுதினேன். பயிர்க் கணக்கான அடங்கலில் நெல் நின்றால் நெல், தரிசாகக் கிடந்தால் தரிசு. அடுத்த மாதம் உழப்போகிறேன் என்று பட்டாதாரர் சொன்னாலும் அதை எழுத அங்கே இடம் கிடையாது. இதைச் சொல்லித்தான் இன்றைக்கும் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆகும், ஆனால் ரொம்ப நேரம் நிற்பதில்லை.

2017 ஐப்பசி அது. அதற்கு முந்தைய டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சொல்லி, 2017 மார்ச் 31-ல் இருபதாயிரம் பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு மட்டும் அதை 220 மீட்டராகக் குறைத்தது. மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? ரோட்டோரத்தில் இருந்தது ஊருக்குள் இடம் தேடியது. எங்கள் பக்கம் அதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பூட்டிக்கிடக்கும் வீடுகளும், வீட்டை ஒட்டிச் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளும் தெருவுக்கு நாலு இருக்கும். உரிமையாளர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், ஏஜெண்ட் வாடகைக்கு விடுவார். எங்கள் ஊரில் ஊருணிக் கரையில் இருந்த ஒரு பழைய கிட்டங்கியைப் பார்த்தார்கள். ஊருணிக்கு எதிர்க்கரையில் பள்ளிக்கூடம். ஊருணியை வெட்டியதும் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொடுத்ததும் ஒரே குடும்பம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

விதி என்னவென்றால், மாநகராட்சி, நகராட்சிகளில் பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டர். (டவுன் பிள்ளைக்கு 50 போதும், கிராமத்துப் பிள்ளைக்கு 100 வேண்டும் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது பக்கத்து ஊராட்சிகள் சில அதற்குள் போயின. பள்ளிக்கூடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதைச் சுற்றியிருந்த 100 மட்டும் 50 ஆகிவிட்டது.) ஆட்கள் நடந்துபோகும் வழியாக அளந்து அறிக்கை கொடுங்கள் என்று எனக்கு உத்தரவு. சரி என்று தலையாரியைக் கூட்டிக்கொண்டு, முப்பது மீட்டர் டேப்பும், நிலத்தை அளவோடு வரைந்த புலப்படமுமாகப் போனேன்.

அந்த வருஷம் மழை ஓரளவு பெய்திருந்தது. ஊருணியில் தண்ணீர் நின்றது, பாதிக்கு மேல். நடந்துபோகிற வழி என்றால் கரைவழிதான். கிட்டங்கி வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை கரையைச் சுற்றி டேப் பிடித்தோம், 118 மீட்டர். தலையாரி இன்னொரு தடவை பிடிக்கலாமா என்றார், பிடித்தோம், அதே 118. எதிலும் குறை சொல்ல முடியாத அளவு.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவர். கையில் கரண்டியோடு கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, மறியல் செய்யப்போகிறோம் என்றெல்லாம் சொல்லவில்லை. "தண்ணி வத்துனா பிள்ளைக எந்த வழியா வரும்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு, சித்திரையில் வந்து அளந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். மாசி பிறந்தாலே அந்த ஊருணியின் நடுவில் ஒரு ஒற்றையடித் தடம் விழுந்துவிடும். கிழக்குத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் பைக்கட்டோடு குறுக்கேதான் வரும். நானும் அந்தத் தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். வருஷத்தில் நாலைந்து மாதம் அதுதான் ஊரின் நடைவழி. அதைத் தெரிந்துகொண்டுதான் "இன்னைக்கு எப்படி இருக்கோ" என்று சொன்னேன்.

குறுக்கே எத்தனை மீட்டர் என்று நான் அளக்கவே இல்லை. தண்ணீர் நின்றதே, எப்படி அளப்பது என்று கேட்கலாம். புலப்படம் கையில் இருந்தது, அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுத வேண்டி வந்துவிடும் என்று நினைத்தேனா, இல்லை உண்மையிலேயே தோன்றவில்லையா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் மற்றது.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: கோடையில் நீர் வற்றும் காலங்களில் பள்ளி மாணவர்கள் ஊருணியின் குறுக்கே நடந்து செல்லும் வழக்கம் உள்ளது. நகல் எடுக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. மேலே இருந்தவர்களைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசினார்கள், எனக்கு ஒரு போன்கூட வரவில்லை என்பதுதான் உண்மை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொடுத்தது கையில் ஊறிப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வரி இருந்திருந்தால் மட்டும் கடை வராமல் போயிருக்குமா? போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப கோடையில எத்தனை மீட்டர்?" என்று கேட்டிருக்கலாமே.

இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். நானும் அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்தேன், நூறு பேருக்கு மேல் கையெழுத்து, பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அப்போது ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 2019 டிசம்பரில்தான் தேர்தலே வந்தது. அந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க ஊருக்கு ஒரு ஆள் இல்லை. தலைவர் இருந்திருந்தாலும் அவர் கையில் அதிகாரம் இல்லைதான், கடை எங்கே வரலாம் என்பதை முடிவு செய்வது மாவட்ட நிர்வாகம். இருந்தாலும் கேட்க ஒரு குரல் இருந்திருக்கும். என் அறிக்கைப் படிவத்தில் பள்ளி, கோயில், நெடுஞ்சாலை என்று தூரங்களுக்குக் கட்டங்கள் இருந்தன, ஊர் என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதக்கூடாது என்று எந்த உத்தரவும் இல்லை என்பது ரிட்டயர்டு ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதே ஊரில் பங்குனித் திருவிழாவுக்கு ஒரே ஒரு ராத்திரி ஆடல் பாடல் வைக்க என்ன பாடு படுவார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனில் மனு, அங்கே கிடைக்கவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. ஆபாசமாக ஆடக்கூடாது, சாதியைச் சொல்லும் பாட்டுக் கூடாது, சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஏதாவது நடந்தால் விழாக் கமிட்டிதான் பொறுப்பு என்று வரிசையாக நிபந்தனை. நானே அழைத்து விசாரிக்கப்பட்டிருக்கிறேன், இரண்டு தெருவுக்கும் ஆகாதா, போன வருஷம் தகராறு உண்டா என்று. அது சரிதான், கேட்கத்தான் வேண்டும். வருஷம் முழுக்கப் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும் ஒரு கடைக்கு என்னிடம் கேட்டது தூரம் ஒன்றை மட்டும்தான்.

கடைக்கு ஆதரவாகவும் என்னிடம் ஒரு பேச்சு உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. ரோட்டுக்கடை மூடியதும் ஊரில் குடி நின்றுவிடவில்லை. சந்துக்கடை வந்தது. டவுனிலிருந்து சாக்கில் பாட்டில் கொண்டுவந்து, விடிகாலையிலும் நடுராத்திரியிலும் கூட்டி விற்றார்கள். மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டியில் போய்க் குடித்துவிட்டு இருட்டில் திரும்பினார்கள். அப்படித் திரும்பும்போது பாலத்தில் மோதி ஒருவர் போய்ச்சேர்ந்தார். இறப்புச் சான்றுக்கு விசாரிக்கப் போனபோது அவர் மனைவி சொன்னது, "கடை இங்கயே இருந்திருந்தா நடந்தாச்சும் வந்திருப்பாக." பிற்பாடு 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, பார்த்தாயா, அரசுக் கடை பக்கத்தில் இருப்பதே மேல் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னதை எனக்கு வேண்டும்போதெல்லாம் எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மா கரையில் நின்று கேட்டதும் அதே அளவு உண்மைதான், அது மட்டும் வேண்டாதபோதும் வந்து நிற்கிறது.

கடை தை மாதம் திறந்தது. மாசியில் தண்ணீர் வற்றியது. அந்த வருஷம் ஊருணியில் தடம் விழவில்லை. கடையின் பின்பக்கம் ஊருணிப் படிதான், வாங்கியவர்கள் அங்கே உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலை உள்ளே எறிவார்கள். மூன்றாவது படிக்கிற ஒரு பையனின் காலில் கண்ணாடி ஏறிப் பெரியாஸ்பத்திரிவரை போய்த் தையல் போட்டு வந்தார்கள். அதற்கப்புறம் டீச்சர்கள் பிள்ளைகளைக் கரைவழியாகவே வரச்சொல்லிவிட்டார்கள். சித்திரையில் முழுப்பரீட்சை நடந்தபோது ஒரு நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பிள்ளைகள் வரிசையாகக் கடை வாசலைத் தாண்டி, கரையைச் சுற்றி, நான் டேப் பிடித்த அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஊருணி காய்ந்து கிடந்தது. சித்திரையில் வந்து அளந்திருந்தாலும் அப்போது 118 மீட்டர்தான் வந்திருக்கும்.

சத்துணவு அம்மா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாரிசுச் சான்றுக்கு என்னிடம் வந்தார், மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி என்று விசாரித்தார், போனார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சில வருஷம் கழித்து கட்டட உரிமையாளர் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டதில் கடை வேறு பக்கம் போய்விட்டது. தீர்மானத்தாலும் இல்லை, மறியலாலும் இல்லை. போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனவன், சாப்பிட்டு முடித்துவிட்டு ஊருணிப் பக்கம் நடந்தேன். தண்ணீர் இல்லை. கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. கண்ணாடிச் சில் இன்னும் மண்ணில் மினுங்கியது, செருப்பைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கிட்டங்கி வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை குறுக்கே எண்ணிக்கொண்டே போனேன். நூற்றி மூன்று எட்டு வந்தது. என் எட்டு ஒரு மீட்டர் வராது.