ஆயுதக் கேஸும் சுருக்குப்பையும்

முதலில் கைவிட்டது காற்றுதான். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது என்னைக் கேட்காமலே பிரிந்தது. முதல் பெஞ்சு சிரித்தது. எனக்கு அப்போது 51 வயது. ஆறே மாதத்தில் காற்றோடு சேர்ந்து கொஞ்சம் மலமும் கசிய ஆரம்பித்தது.

ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. கைப்பையில் ஒரு உள்பாவாடையும் ஒரு கேரி பேக்கும் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் போகிற நாளில் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். குளியலறை வாளியில் நான் ஊறவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பெண் டாக்டர் வயிற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “முதல் பிரசவம் எப்படிம்மா?” என்றார். ஆயுதக் கேஸ். 26 வருஷத்துக்கு முன்னால் இடுக்கி மாதிரி ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள், தையல் போட்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். எவ்வளவு தூரம் கிழிந்தது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அன்றைய கிழிசல் இன்றைக்கு ஏன் வேலையைக் காட்டுகிறது என்றேன். இளவயதில் மற்ற தசைகள் ஈடுகட்டுமாம். மாதவிலக்கு நின்று அவையும் தளரும்போதுதான் பழைய குறை வெளியே தெரியுமாம்.

அப்புறம் ஆசனவாயைச் சுற்றியிருக்கும் தசைகளை ஒரு தாளில் படம் போட்டார். எனக்கு அது பாட்டியின் சுருக்குப்பை மாதிரி இருந்தது, ஆனால் இரண்டு கயிறு. உள்கயிறு நம் சொல் கேட்காது. நாம் தூங்கினாலும் அது பாட்டுக்கு இறுக்கிப் பிடித்திருக்கும். வெளிக்கயிறு நம் கையில். இருமினால், தும்மினால் அதுவே சட்டென்று இறுகும். இது போதாதென்று பின்னாலிருந்து ஒரு தசை தொட்டில் துணிபோலக் குடலை முன்பக்கம் இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் அந்த மடிப்பு நிமிரும்.

எனக்கு ஆச்சரியம் வேறொன்று. உள்கயிறு அவ்வப்போது சில நொடி தளர்ந்து, வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கெட்டியா என்று ஆசனவாயின் தோல் தொட்டுப் பார்க்க வழிவிடுமாம். இத்தனை வருஷம் அந்தச் சோதனைச் சாவடி இருப்பதே எனக்குத் தெரியாது.

பரிசோதனையில் பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு “இறுக்குங்க” என்றார்கள். பல்லைக் கடித்து இறுக்கினேன், திரையில் கோடு லேசாகத்தான் எழுந்தது. ஸ்கேனில் வெளிக்கயிறு முன்பக்கம், கடிகாரத்தில் 11 மணியிலிருந்து 1 மணி வரை, விட்டுப்போயிருந்தது.

ஆபரேஷன் பிறகு பார்க்கலாம் என்று இசப்கோல் எழுதிக் கொடுத்தார். “அது மலச்சிக்கலுக்கு ஆச்சே டாக்டர்?” தண்ணீரை இழுத்து, இளகிப் போவதை உருட்டித் தரும், உருண்டையைப் பிடிப்பது சுலபம் என்றார். நாலு காபி ஒன்றானது. பயிற்சி, காற்றை அடக்குவதுபோல இறுக்கி, எண்ணி, விடுவது. தொடையும் புட்டமும் சேரக் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டே பழக எட்டு முறை போனேன். நான் இறுக்கியதெல்லாம் புட்டத்தைத்தான் என்று அங்கேதான் தெரிந்தது.

உருப்படியான பாடம், அவசரம் வந்தால் ஓடாதே என்பது. நின்று இறுக்கிப் பிடித்தால் மலக்குடல் கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும், உந்துதல் அடங்கும். அப்புறம் நடக்கலாம்.

கெட்டியாக அடைத்திருக்கிறதா என்று டாக்டர் முதலிலேயே விரல் விட்டுப் பார்த்தார். வயதானவர்களுக்கு அப்படி அடைத்துக்கொண்டு ஓரமாகத் தண்ணீராய் வழிவது உண்டாம். பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் இன்னும் அடைக்குமாம். என் மாமியாருக்குக் கடைசி வருஷத்தில் அந்த மாத்திரைதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். வேண்டுமென்றே செய்கிறார் என்று நானே திட்டியிருக்கிறேன்.

போன மாதம் மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் பஸ்ஸில் வந்தேன், காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு. விழுப்புரம் தாண்டி ஒருமுறை முட்டியது. இறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், அடங்கியது. காற்று மட்டும் இன்னும் சில நாள் ஏமாற்றுகிறது. உள்பாவாடையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.