மதியம் ஒன்றரைக்கு மேல்: கலைக் கல்லூரியில் படித்தபடியே இன்டர்ன்ஷிப்

சென்னையில் கலை அறிவியல் கல்லூரியில் படிப்பவர் கையில் இருக்கும் பெரிய சொத்து, மதிய நேரம். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பல இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. முதல் ஷிப்ட் காலை எட்டு, எட்டரைக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடிந்துவிடும். இரண்டாவது ஷிப்ட் மதியம் தொடங்கி மாலை வரை போகும். எந்த ஷிப்டாக இருந்தாலும் அரை நாள் மிச்சம். பி.ஏ. வரலாறு, தமிழ், பொருளாதாரம் படிக்கும் ஒருவர் வேலைக்குத் தயாராவது பெரும்பாலும் அந்த அரை நாளில்தான். இதைச் சேர்க்கையின்போது யாரும் சொல்வதில்லை. கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடத்தையும் ஓட்டிவிடுகிறார்கள்.

முதலில் பாடத்திட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டு உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப்பை நான்காம் செமஸ்டர் முடிந்த கோடை விடுமுறையில் செய்ய வேண்டும். அதற்கான 2 கிரெடிட் (பாடத்துக்குத் தரும் மதிப்பலகு) ஐந்தாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் ஏறும். தன்னாட்சிக் கல்லூரிகள் இதில் மாறுபடும் என்பதால் துறைத் தலைவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது யு.ஜி.சி. வைத்திருக்கும் அளவு. அப்படியானால் 2 கிரெடிட்டுக்கு 60 மணி. நாளுக்கு ஆறு மணி நேரம் போனால் பத்தே நாளில் முடிந்துவிடும்.

பத்து நாளில் எந்த அலுவலகமும் உங்களிடம் உருப்படியான வேலையைத் தராது. முதல் மூன்று நாள் கணினி, பாஸ்வேர்டு, யார் யார் என்று தெரிந்துகொள்வதிலேயே போகும். அடுத்த மூன்று நாள் செய்ததையே திருத்திச் செய்வீர்கள். கை பழகும்போது சான்றிதழோடு அனுப்பிவிடுவார்கள். பாடத்திட்டத்துக்கு இது போதும், உங்களுக்குப் போதாது.

மதியக் கணக்கு வேறு. வாரம் நான்கு மதியம், மதியத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் வாரத்துக்கு 12 மணி. செமஸ்டர் சுமார் 15 வாரம். உள்தேர்வுகளுக்கும் செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கவும் மூன்று வாரத்தைக் கழித்தாலும் 12 வாரம் நிற்கும், மொத்தம் 144 மணி. கோடையில் ஆறு வாரம் முழுநேரமாகப் போனால் இதைவிட அதிக மணி நேரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் மூன்று மாதம் ஓர் இடத்துக்குப் போய்வந்தால் ஒரு வேலை தொடங்கி, சிக்கி, திருந்தி, முடிவதை முழுதாகப் பார்க்கலாம். உங்களை நம்பி இரண்டாவது வேலையையும் தருவார்கள். என் யோசனை இது: மூன்றாம் செமஸ்டரில் மதிய இன்டர்ன்ஷிப் தொடங்குங்கள். அதே இடத்திலோ அதன் மூலம் கிடைத்த வேறோர் இடத்திலோ கோடைக்கால 60 மணியை முடித்து 2 கிரெடிட்டை வாங்குங்கள். முதல் வருடம் வேண்டாம். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது, எக்ஸெல், பிழையில்லாத தமிழ்த் தட்டச்சு ஆகிய மூன்றையும் அந்த வருடத்தில் கைவசப்படுத்தினால் போதும். தட்டச்சில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் முறை பக்கக் கணக்கில் அடிக்கும்போது நேரத்தைத் தின்னும்.

இதில் பலர் மாட்டிக்கொள்வது டே ஆர்டரில். நிறையக் கல்லூரிகளில் கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று இருக்காது. ஆறு டே ஆர்டர் சுழன்றுகொண்டே இருக்கும். புதன்கிழமை விடுமுறை என்றால் புதனுக்குரிய ஆர்டர் வியாழனுக்கு நகர்ந்துவிடும். நான்காம் ஆர்டரில் உங்களுக்கு மதியம் கூடுதல் வகுப்போ லேபோ இருந்தால் அது ஒரு வாரம் வியாழன், அடுத்த வாரம் வெள்ளி என்று இடம் மாறும். அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வியோ, “எந்தெந்தக் கிழமை வருவீர்கள்?” தெரியாமல் “செவ்வாய், வியாழன்” என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாரமே லீவு கேட்டால் பெயர் கெட்டுவிடும். கல்லூரிக் கையேட்டின் பின்பக்க நாட்காட்டியில் தேதிவாரியாக டே ஆர்டர் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதம் வரக்கூடிய தேதிகளை எழுதி அனுப்பிவிடுங்கள். உள்தேர்வு, மாடல் தேர்வு வாரங்களையும் அதிலேயே குறித்துவிடுங்கள். கிழமையாகச் சொல்லாமல் தேதியாகச் சொன்னால் பாதிச் சண்டை வராது.

அட்டெண்டன்ஸ் இன்னொரு பள்ளம். 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்வரை வகுப்புக்கு வராமல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டு அதை இன்டர்ன்ஷிப்புக்கு ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், ஊர்த் திருவிழா, வீட்டுக் கல்யாணம் எல்லாம் அதே 22 நாளுக்குள் வர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓ.டி. (வெளியே போனாலும் வந்ததாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’) தருவோம் என்று ஆசிரியர் வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது. எழுதிக் கொடுத்து, முன்கூட்டியே கையெழுத்து வாங்கிய ஓ.டி. மட்டும்தான் கணக்கு.

இடம் தேடும்போது ரயில் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிப் பயணம் 45 நிமிடத்தைத் தாண்டினால் மூன்று மணி நேர மதியம் கட்டுப்படியாகாது. நுங்கம்பாக்கத்தில் படிப்பவருக்கு எழும்பூர் இரண்டாவது ஸ்டேஷன். 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகம், அரசு அருங்காட்சியகம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். மயிலாப்பூரில் படிப்பவருக்குத் திருமயிலையிலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே இருக்கின்றன. அடையாறு பக்கம் இருப்பவருக்குச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா மதியத்துக்கு ஒத்துவராது, கோடைக்கு ஏற்றது. இவை தவிர ஆடிட்டர் அலுவலகம், பதிப்பகம், மொழிபெயர்ப்பு நிறுவனம், வக்கீல் அலுவலகம், தொண்டு நிறுவனம் என்று பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத சின்ன இடங்கள் நகரம் முழுக்க உண்டு. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஆறாவது ஆளுக்கு நிஜமான வேலை கிடைக்கும். பெரிய கம்பெனியில் பவர்பாயின்ட் ஸ்லைடு செய்யும் வேலைதான் கிடைக்கும்.

பெண்களுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் மாதப் பயணச் செலவே பெரிய தொகை.

தமிழ் படிப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமக்கு இன்டர்ன்ஷிப்பே இல்லை என்று நினைப்பவர்கள் அவர்கள்தான். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) மென்பொருளில் ஓட்டிய பின், அதைத் திருத்த ஆள் வேண்டும். மென்பொருள் தொடர்ந்து தடுமாறும் இடங்கள் சில உண்டு. ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிப் போடும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தனித்தனியாகப் போடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ‘ணை’, ‘லை’, ‘றா’, ‘னா’ போன்றவை பழைய வடிவத்தில் இருப்பதால் அந்தச் சொற்கள் சிதைந்து வரும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது வேறு வகைத் தொல்லை. அந்த எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடிலோ மெய்க்குப் பின்னால் வர வேண்டும். மாற்றும் மென்பொருள் சரியில்லை என்றால் ‘கொ’வும் ‘கெ’வும் உடைந்து நிற்கும். இதைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்தவர், கூடவே ஒற்று மிகும் இடம் மிகாத இடம் தெரிந்தவர், பதிப்பகத்துக்கும் மின்னூலாக்கும் நிறுவனங்களுக்கும் உடனே பயன்படுவார். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் வேலைகளும் இதே திறமையிலிருந்துதான் கிளைக்கின்றன.

பதிப்புத் தொழிலில் நுழைய நல்ல வாசல் சென்னைப் புத்தகக் காட்சி. பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவருகிறது. டிசம்பர் கடைசி, ஜனவரியில் நடக்கும் அந்த நாட்களில் அரங்குகளுக்கு ஆள் தேவைப்படும். பில் போடுவது, பத்து சதவீதக் கழிவு, இருப்புச் சரிபார்ப்பது, எந்தப் புத்தகத்தை எந்த வயதுக்காரர் எடுக்கிறார் என்று பார்ப்பது, எல்லாம் அங்கே கற்கலாம். நவம்பர் தொடக்கத்திலேயே பதிப்பாளரிடம் பேசிவிடுங்கள்.

பொருளாதாரம், சமூகவியல் மாணவர்களுக்குக் கள ஆய்வு. படிவம் நிரப்புவது எளிது, அதைக் கணினியில் பதியும்போதுதான் கெடும். “மாத வருமானம் இல்லை” என்பதற்கு பூஜ்யம், “பதில் சொல்லவில்லை” என்பதற்கு வேறு எண், “இவருக்குப் பொருந்தாது” என்பதற்கு இன்னொன்று. மூன்றையும் வெற்றிடமாக விட்டால் சராசரியே பொய்யாகிவிடும். முதல் பத்துப் படிவம் முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள், நூறு முடிந்த பிறகு அல்ல.

வணிகவியல் மாணவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகம் போதும். ஜிஎஸ்டி கணக்கு, டேலி என்ற கணக்கு மென்பொருள் இரண்டும் அங்கே கைக்கு வந்துவிடும்.

கடிதம் எழுதுவது பற்றி. மெயில் 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். யார், எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி, அவர்கள் செய்யும் எந்த வேலையில் உதவ முடியும், இவ்வளவுதான். கூடவே நீங்கள் செய்த ஒரு வேலையை இணையுங்கள்: திருத்திய இரண்டு பக்கம், ஒரு எக்ஸெல் அட்டவணை, ஒரு மொழிபெயர்ப்பு. கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். இருபது இடத்துக்கு எழுதினால் நாலைந்து பதில் வந்தாலே நல்லது. ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம், போனும் செய்யலாம்.

சின்னத் துறையின் பலன் இங்கேதான் தெரியும். வகுப்பில் முப்பது பேர் என்றால் ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்துகூடத் தெரியும். “ஒழுக்கமான மாணவர்” என்று எழுதாமல், நீங்கள் என்ன கட்டுரை எழுதினீர்கள், எதில் கெட்டி என்று அவரால் எழுத முடியும். அப்படி எழுதும்படி கேளுங்கள், தகவல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கோடை இன்டர்ன்ஷிப்புக்கான பொனஃபைட் சான்றிதழையும் (இந்தக் கல்லூரி மாணவர் என்ற சான்று) கல்லூரிக் கடிதத்தையும் மார்ச்சுக்குள் வாங்கிவிட வேண்டும். ஏப்ரலில் தேர்வு, அதன்பின் ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்கள். முதல்வர் கையெழுத்துக்கும் சீலுக்கும் மே மாத வெயிலில் நான்கு முறை அலைவதைத் தவிர்க்க இதுதான் வழி. ஆவணக் காப்பகம் மாதிரி இடங்களுக்குக் கல்லூரிக் கடிதம் இல்லாமல் போகவே வேண்டாம்.

பணம் கட்டி வாங்கும் இன்டர்ன்ஷிப் எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று பெயர் மாறும். வீட்டிலிருந்தே இரண்டு வாரம், வீடியோ பார்த்தால் சான்றிதழ் என்பதெல்லாம் நேர்காணலில் “அங்கே என்ன செய்தீர்கள்?” என்ற ஒரே கேள்வியில் உடைந்துவிடும். நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகள் பயனுள்ளவை, ஆனால் அவை திறன் படிப்புகள். இன்டர்ன்ஷிப்புக்கு அவை ஈடாகாது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024ல் தொடங்கியபோது முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்ற விதி இருந்தது என்பதையும் கவனியுங்கள். பட்டம் முடித்தவுடன் ஊதியத்தோடு ஒரு வருடப் பயிற்சி வேண்டுமானால் மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதிவு செய்யலாம். அதற்கான தென்மண்டல வாரியம் தரமணியில்தான் இருக்கிறது.

சேர்ந்த முதல் நாளே லாக் புக் தொடங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, அளவு. “பிழை திருத்தினேன்” என்று எழுத வேண்டாம், “பக்கம் 41 முதல் 58 வரை” என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் மேற்பார்வையாளர் கையெழுத்து. கடைசி நாளில் மொத்தமாக நீட்டினால் அவரும் படிக்காமல் போடுவார், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பவருக்கும் ஒரே மையில் இருக்கும் இருபது கையெழுத்து நன்றாகத் தெரியும். செய்த வேலையின் நகலை வைத்துக்கொள்ள எழுத்துபூர்வமாக அனுமதி கேளுங்கள். ஆய்வில் பதில் சொன்னவர்களின் பெயர், போன் எண் இருக்கும் கோப்புகளை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம்.

சான்றிதழை முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் கடைசி வாரத்தில் ஊரில் இருக்கமாட்டார். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். மணி நேரம் விட்டுப்போயிருந்தால் கல்லூரி அலுவலகம் திருப்பி அனுப்பும். அதனால் வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து மெயிலில் அனுப்பி, அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள்.