கும்பகோணத்தில் ஒரு கேம் கம்பெனியை மூடிய அனுபவம்

2019இல் நானும் என் நண்பனும் கும்பகோணத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தோம். முதல் கேம், ஆடு புலி ஆட்டம். என் அப்பாயி திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புலிக்கு 3 கூழாங்கல்லும் ஆட்டுக்கு 15 புளியங்கொட்டையும் வைத்து ஆடுவார். புலியை அடைக்க ஆடுகளை எந்த வரிசையில் இறக்க வேண்டும் என்று அவர் காட்டியதைத்தான் நான் அப்படியே புரோகிராமாக எழுதினேன்.

2020 ஊரடங்கில் டவுன்லோடு ஏறியது. விளம்பர வருமானத்தில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தோம். பள்ளிகள் திறந்ததும் ஆடுபவர்கள் குறைந்தார்கள். வெளியூர் கம்பெனி ஒன்றுக்குச் செய்துகொடுத்த வேலைக்குப் பணமும் வரவில்லை. 2022 தொடக்கத்தில் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் பெரிய தவறு. வியாபாரமே இல்லாவிட்டாலும் கம்பெனி பதிவில் இருக்கும்வரை ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். 200 நாள் விட்டதில் இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 40,000 ரூபாய் போனது. கையில் கொஞ்சம் காசு இருக்கும்போதே மூடிவிடுங்கள், தயவுசெய்து.

கம்பெனியை மூட, அதன் பெயரை அரசுப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரும் படிவம் எஸ்டிகே-2. அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். அதற்கு முன் கடன் பாக்கி எல்லாம் தீர்ந்து, வங்கிக் கணக்கையும் மூடியிருக்க வேண்டும். இயக்குநர்களின் உறுதிமொழிப் பத்திரம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். ஆடிட்டர் சான்றளித்த கணக்கு அறிக்கையில் உள்ள தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. எங்களுக்கு இடித்தது இங்கேதான். நண்பன் அதற்குள் சென்னைக்குப் போய்விட்டான். அவன் கையெழுத்திட்ட பத்திரம் கூரியரில் வந்து சேர்வதற்குள் 30 நாள் கடந்துவிட்டது. அறிக்கையை மறுபடி போட்டோம்.

2023 மே முதல் இந்த விண்ணப்பங்களையெல்லாம் சி-பேஸ் என்ற ஒரே மையம்தான் பார்க்கிறது. ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் பொது அறிவிப்பு, அப்புறம் நீக்க உத்தரவு.

கேமை மட்டும் முன்கூட்டியே என் சொந்த பிளே ஸ்டோர் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் புதிய போன்களில் அது கிடைக்காது. போன மாதமும் புதுப்பித்தேன். ஆடுகளை இறக்கும் வரிசையை மட்டும் தொடவில்லை.