கதையை வெட்டுகிற வேலை

வயலில் உழுதுகொண்டிருக்கும் மகனுக்கு அம்மா சோறு கொண்டுவருகிறாள். வர நேரமாகிவிட்டது. பசி அவன் கண்ணை மறைக்கிறது. சோற்றுக்கூடை இத்தனை சிறியதா என்று ஆத்திரம் வந்து, கையில் கிடைத்த கட்டையால் அடித்துவிடுகிறான். அம்மா செத்துப்போகிறாள். அப்புறம் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வயிறு நிறைந்துவிடுகிறது, கூடையில் சோறு மிச்சம் இருக்கிறது.

தாய்லாந்தின் வடகிழக்கே இசான் பகுதியில் இந்தக் கதை தெரியாதவர் அபூர்வம். இதைக் குழந்தைகளுக்கான ஒலித்தொகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் பாதி நாள் நடந்தது. கோன் கேன் நகரத்தில் ஒலிக்கோப்புகளை எடிட் செய்வது என் வேலை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகள் பதிவாகி என்னிடம் வரும். இருமல், நாற்காலிச் சத்தம், தெருநாய் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கதை ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற அளவுக்குள் அடக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது பாங்காக்கில் பேசும் தாய்லாந்து மொழிதான். இவர்கள் வீட்டில் பேசுவது மீகாங் ஆற்றின் அக்கரையில் பேசப்படும் லாவோவுக்கு நெருங்கிய மொழி. அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும்போது பக்கத்தில் ஒரு இசான்காரர் இருந்தே ஆக வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார்: அம்மா மயங்கி விழட்டும், தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிடட்டும், மகன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டும். எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் ஒலிப்பதிவாளர் யசோத்தோன் மாகாணத்துக்காரர். அதுவரை வாயே திறக்காதவர், "அப்படின்னா அந்த ஸ்தூபியை எதுக்குக் கட்டினான்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. யசோத்தோனில் தாத் தோங் என்ற ஊரில் செங்கல்லால் கட்டிய ஸ்தூபி ஒன்று நிற்கிறது. தாயைக் கொன்ற பாவம் தீர, புறா பறக்கும் உயரத்துக்கு மகன் எழுப்பியது என்பது ஊர் நம்பிக்கை. பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அம்மாவைப் பிழைக்கவைத்தால் ஸ்தூபிக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு விவாதமும் பதிவைக் கேட்பதற்கு முன்பே நடந்தது. பதிவைக் கேட்டபோது வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கதை சொன்ன பெரியவர் அடித்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அவர் நின்று நிதானித்தது சோற்றில்தான். ஒட்டரிசிச் சோற்றை ஒரு கை உருட்டுகிறான், இன்னொரு கை உருட்டுகிறான், கூடையில் இன்னும் இருக்கிறது, மறுபடி உருட்டுகிறான், இன்னும் இருக்கிறது. அவன் வாய் மெல்ல மெல்ல நமக்குத் தொண்டை அடைக்கிறது. குழந்தைகள் கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். மற்றதை அவரே பார்த்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு என் வேலையைப் பற்றிய என் எண்ணம் கொஞ்சம் மாறியது. எடிட்டர் என்று சம்பளம் வாங்குவது நான். ஆனால் இந்தக் கதைகளை எடிட் செய்கிறவர்கள் எனக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறார்கள், அதுவும் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

முகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். ஒலிப்பதிவு அறையில் பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே ஒரு போ யாயை (வயதானவர்களை இங்கே போ யாய், மே யாய் என்றுதான் கூப்பிடுவார்கள்) தனியாக உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். ஊரில் விடிய விடியப் பேசுகிறவர் என்று பெயர் பெற்றவர், ஏதோ அரசாங்க அறிக்கை வாசிப்பவர்போல நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார். கடைசியில் ஒலிப்பதிவாளரே உள்ளே போய் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து 'உம்' கொட்ட ஆரம்பித்ததும்தான் கதை ஓட ஆரம்பித்தது. நம் பாட்டிகளும் இதைத்தானே கேட்பார்கள். அந்த 'உம்'களை நீக்கிவிடும்படி எனக்கு உத்தரவு. நீக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பள்ளம் கேட்கிறது. பெரியவர் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டுதான் அடுத்த வரிக்கே போயிருக்கிறார். சண்டை போட்டு 'உம்'களைத் திரும்ப வைக்கச் செய்தேன். இந்த வேலையில் நான் ஜெயித்த சண்டைகள் குறைவு, அதனால் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

லாவோஸிலும் இசானிலும் கதை கேட்பதற்கென்று வீட்டில் சந்தர்ப்பங்கள் உண்டு. சாவு நடந்த வீட்டில் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களைத் தனியே விடக்கூடாது. அதற்காக ஓலைச்சுவடியில் உள்ள நீண்ட கதைப்பாடல்களை ராகத்தோடு வாசிப்பார்கள். பிள்ளை பெற்ற பெண் நெருப்பருகே படுத்திருக்கும் நாட்களிலும் இந்த வாசிப்பு உண்டு. வாசிக்கிறவர் பெரும்பாலும் இளமையில் துறவியாக இருந்து, விகாரையில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். எழுத்தாணியால் கீறிக் கரி பூசும் அதே முறைதான், ஓலையும் நம் ஓலையின் உறவுதான். லாவோஸ் தேசிய நூலகத்தின் முயற்சியில் ஏறத்தாழ 12,000 சுவடிகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் முல்லா தந்தாய் என்ற தொகுப்பும் உண்டு. ராஜாவுக்கு இரவுதோறும் கதை சொல்லும் பெண் ஒருத்தியின் கதைக்குள் நம் பஞ்சதந்திரக் காளையும் சிங்கமும் வருகின்றன. தென்னிந்தியாவில் வழங்கிய பஞ்சதந்திர வடிவம் ஒன்றுக்கு இது நெருக்கமானது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அப்படி வாசித்துப் பழகிய ஒருவரிடம், இத்தனை நீளமானதை ஒரே இரவில் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டேன். "யார் முடிக்கச் சொன்னது? விடிஞ்சா நிறுத்திக்குவோம். கூட்டம் தூங்கி வழிஞ்சா சண்டைக்குத் தாவிடுவோம்" என்றார். என் திரையில் அப்போது பன்னிரண்டு நிமிடத்துக்கான கோடு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

சின்சாய் கதைக்கு அந்தக் கோடு சுத்தமாக ஒத்துவரவில்லை. பாங்கம் என்ற புலவர் இயற்றியதாகச் சொல்லப்படும் லாவோ காப்பியம் அது. கும்பன் என்ற யட்சன் ராஜாவின் தங்கையைத் தூக்கிப்போகிறான். அவளை மீட்கப் போகிறவர்கள் மூன்று சகோதரர்கள்: வில்லும் வாளும் ஏந்திய சின்சாய், யானைத்தலையோடு பிறந்த சீஹோ, சங்கு வடிவில் பிறந்த சங்தோங். இடையே பொறாமைபிடித்த ஆறு மாற்றாந்தாய்ச் சகோதரர்கள், லஞ்சம் வாங்கிய ஜோசியன், நாடு கடத்தல், அருவியில் தள்ளிவிடுதல் என்று கிளைகள். கோன் கேன் நகரத் தெருவிளக்குக் கம்பங்களிலேயே மூன்று சகோதரர்களின் உருவமும் இருக்கிறது. பக்கத்தில் சாவத்தி கிராமத்திலுள்ள சாய் சீ விகாரையில் இந்தக் கதையைச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள். சின்னஞ்சிறு கட்டடம். உள்ளே பெண்கள் போகக்கூடாது என்பது பழைய வழக்கம், ஆனால் ஓவியம் வெளிச்சுவர்களிலும் இருக்கிறது. அதனால் பார்க்க எல்லோருக்கும் இடமுண்டு. அந்த ஓவியனை நான் ரொம்ப மதிக்கிறேன். கதை வரிசையைப் பற்றி அவன் அலட்டிக்கொள்ளவில்லை. பிடித்ததைப் பெரிதாக வரைந்திருக்கிறான், நடுவே கதைக்குச் சம்பந்தமில்லாத ஊர்க் குறும்புகளையும் சேர்த்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் சின்சாயை முழுக்கச் சொல்லும் ஆசையை விட்டோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சம்பவம், முன்கதைச் சுருக்கம் கிடையாது என்று முடிவாயிற்று.

எந்தச் சண்டையும் இல்லாமல் தேறியது தேரை ராஜா கதைதான். வானத்து அரசன் பயா தேன் ஏழு வருடம், ஏழு மாதம், ஏழு நாள் மழையை நிறுத்திவிடுகிறான். தேரை ராஜா படை திரட்டுகிறான். கறையான்கள் வானம் வரை புற்றெழுப்பிப் பாதை போடுகின்றன. ஆயுதப் பிடிகளை இரவோடிரவாகப் பூச்சிகள் அரித்துவிடுகின்றன. தேள், பூரான் எல்லாம் எதிரியின் துணிக்குள் ஒளிந்துகொள்கின்றன. தோற்ற வானரசனோடு ஒப்பந்தம் ஆகிறது. மூங்கில் ராக்கெட் மேலே வந்தால் மழையை அனுப்பு; தவளை கத்தினால் மழை வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்; பட்டத்தில் கட்டிய வில் காற்றில் ரீங்கரித்தால் அறுவடைக் காலம், நிறுத்து. ராக்கெட், தவளை, பட்டம் மூன்றுக்கும் சத்தம் உண்டு என்பதால் எனக்குக் கொண்டாட்டம். யசோத்தோனில் மே மாதம் இன்றும் ராக்கெட் விடுகிறார்கள். ஆற்றங்கரையில் மாபெரும் தேரை வடிவத்திலேயே ஒரு அருங்காட்சியகமும் கட்டியிருக்கிறார்கள்.

அதே ராக்கெட் திருவிழாவை ஒட்டி வரும் இன்னொரு கதை பா தேங், நாங் ஐ. இளவரசி நாங் ஐயின் காதலன் பா தேங். அவளைப் பார்க்க நாக இளவரசன் ஒருவனும் வெள்ளை அணிலாக மாறி வருகிறான். அவள் ஆசைப்பட, வேடன் அணிலை அடித்துவிடுகிறான். சாகும்போது அதன் இறைச்சி எண்ணாயிரம் வண்டி அளவுக்குப் பெருகுகிறது. ஊரே பங்கு போட்டுத் தின்கிறது. அணிலாக வந்தவனின் அப்பா, நாகங்களின் ராஜா, கோபத்தில் மண்ணைக் குடைய, தின்ற ஊர் முழுக்க மூழ்கி நோங் ஹான் ஏரி ஆகிறது. விதவைகளுக்கு மட்டும் இறைச்சியில் பங்கு கொடுக்கவில்லை. அதனால் அவர்கள் இருந்த மேடு மூழ்காமல் தீவாக நிற்கிறது. உடோன் தானியிலும் சகோன் நகோனிலும் அதே பெயரில் ஏரி இருப்பதால் இரண்டு மாகாணத்தாரும் கதை தங்களுடையது என்பார்கள். நாங்கள் தலையிடவில்லை.

இதை ஒரு மே யாய் இரண்டு முறை சொன்னார், ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளுக்கு, இன்னொரு முறை கோயில் மண்டபத்தில் வயதான பெண்களுக்கு. பிள்ளைகளிடம் அணிலின் கழுத்தில் கட்டிய மணியும், மூழ்கும் ஊரிலிருந்து பா தேங்கின் குதிரை பாயும் பாய்ச்சலும். விதவைகள் ஒரு வரி. கோயில் மண்டபத்தில் குதிரை வந்த சுவடே இல்லை. பங்கு பிரிக்கும் காட்சி நீண்டுகொண்டே போனது. யார் யாருக்கு எந்தத் துண்டு, விதவைகளை எப்படி வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள்! கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். தீவு நீருக்கு மேல் நின்றபோது எழுந்த சிரிப்பை அளவு தாண்டாமல் அடக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. தொகுப்பில் ஒன்றுதான் வரலாம் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னது தொகுப்புக்குப் போனது. இன்னொன்று என் கணினியில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல பதிவு.

இப்போது கையில் இருப்பது சீயெங் மியெங். லாவோக்களின் தெனாலிராமன் என்று சொல்லிவிடலாம். தாய்லாந்துக்காரர்கள் ஸ்ரீ தனோன்சாய் என்பார்கள். "உன்னால் என்னை இந்தக் குளத்தில் இறக்க முடியுமா?" என்று ராஜா கேட்கிறார். "இறக்க முடியாது மகாராஜா. உள்ளே இருந்தால் வெளியே வரவைப்பேன்" என்கிறான். ராஜா இறங்கிவிடுகிறார். இது எல்லோருக்கும் பிடித்தது. ஸ்ரீ தனோன்சாயின் சிறுவயதுக் கதைதான் இடிக்கிறது. தம்பியை உள்ளும் புறமும் சுத்தமாகக் குளிப்பாட்டு என்று அம்மா சொல்ல, அவன் சொன்னபடியே வயிற்றைக் கிழித்துக் கழுவிவிடுகிறான். கதைசொல்லியிடம் இதைக் குழந்தைகளுக்குச் சொல்வீர்களா என்று கேட்டோம். "எந்தக் குழந்தைன்னு காட்டு, சொல்றேன்" என்றார். மைக்கால் அதைக் காட்ட முடியாது. தம்பி கதையை விட்டுவிட்டோம்.

சாவுக் கதை வருகிறது. சலித்துப்போன ராஜா விஷம் கலந்த உணவை அனுப்புகிறார். தின்றபின் விஷயம் புரிந்த சீயெங் மியெங், தன் உடலை நாற்காலியில் சாய்த்துக் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிடும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். எட்டிப் பார்க்கும் ராஜாவுக்கு அவன் படித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. விஷம் வேலை செய்யவில்லைபோல என்று தானே ருசி பார்த்து அவரும் செத்துப்போகிறார். எட்டு வயதுக்கு மேல் என்று குறிப்புப் போட்டு அனுமதி வாங்கியாயிற்று. பதிவு பதினெட்டு நிமிடம். அப்படியே அனுப்பிவிட்டேன், இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.