ஜகார்த்தாவில் கார் ஏறாதீர்கள், பஸ்ஸைப் பிடியுங்கள்

ஜகார்த்தா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நாலு பேர் வந்து உங்களை ஒரு காரில் ஏற்றப் பார்ப்பார்கள். ஏறாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. விசா, தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து யாரைப் பார்த்தாலும் அந்த ஊர் பஸ்ஸைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய் வருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓஎம்ஆரில் (சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில்) வேலை பார்க்கும் யாருக்கும் புரியும்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். இந்தியர்களுக்கு இறங்கிய இடத்திலேயே விசா கிடைக்கிறது, 30 நாளைக்கு 500,000 ருப்பியா. நம் 1 ரூபாய்க்கு ஏறக்குறைய 185 ருப்பியா வரும். பூஜ்யங்களைப் பார்த்து மிரள வேண்டாம், இரண்டு நாளில் பழகிவிடும். ஜாலான் ஜக்ஸா பக்கம் சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன. சுத்தமான படுக்கை, ஏசி, அவ்வளவுதான். நடுநகரம் என்பதால் அதற்கு மேல் கேட்கவும் தோன்றவில்லை.

நானும் அக்காவும் போனோம். கணக்கு நோட்டு அக்கா கையில். ஜகார்த்தாவைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான், முருகனுக்காக. நகரின் மேற்கு ஓரத்தில் காலிதெரஸ் என்ற பகுதியில் நம்மவர்கள் கட்டிய முருகன் கோயிலுக்கு 2025 பிப்ரவரி 2-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. பிரதமர் மோடி காணொளியில் பேசினார். அந்தச் செய்தியைப் பார்த்த அன்றே "ஒரு தடவை போய்க் கும்பிட்டுட்டு வரணும்டீ" என்று ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹோட்டல் வாசலில் நின்ற ஒரு தனியார் கார்க்காரர் 200,000 என்றார், அதாவது நம் காசுக்கு ஆயிரத்து எண்பது. ஒரு வழிக்கு இது அதிகம் என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் மழை, வெள்ளிக்கிழமை, முருகன் என்று ஏறிவிட்டோம். நகரத்தைத் தாண்டி டான் மொகொத் சாலையில் திரும்பும் வரைக்கும் ஊர்ந்தாவது போனோம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. ஒருபக்கம் கால்வாய், மறுபக்கம் கடைகள், நடுவில் கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு விளக்குகள். கார்களுக்கு நடுவே கிடைத்த சந்திலெல்லாம் பைக். முகத்தில் மழைத்தண்ணீர் வழிய, முதுகில் பையோடு வீட்டுக்குப் போகிறவர்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து "மாச்செத்" என்றார். டிராஃபிக் ஜாமுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். இரண்டு நாளில் நாங்கள் கற்றுக்கொண்ட முதல் இந்தோனேசிய வார்த்தையும் அதுதான்.

நாங்கள் அசையாமல் நின்றிருந்தபோது பக்கத்துத் தடத்தில் ஒரு பஸ் போனது. வேகமென்று சொல்ல முடியாது, ஆனால் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தபடி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். "அந்த பஸ்ஸுல எவ்வளவுடீ டிக்கெட்?" என்றாள் அக்கா. போனில் பார்த்துச் சொன்னேன்: 3,500 ருப்பியா. நம் காசுக்கு 19 ரூபாய். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் அதே 3,500. அக்கா அதற்குப் பிறகு வழி முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தினார் டிரைவர். மொழிபெயர்ப்புச் செயலியில் ஏதோ தட்டிக் காட்டினார்: நெரிசல் அதிகம், 350,000 வேண்டும். பேசியது 200,000. நெரிசல் இருக்கும் என்று ஏறும்போதே தெரிந்ததுதானே? கோயில் இன்னும் தூரம், வெளியே மழை, இரண்டு பெண்கள். என்ன செய்வது, கொடுத்தோம். எரிச்சலோடு போய்ச் சேர்ந்தால் நடை சாத்தியிருந்தார்கள். வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். அந்த 350,000-ஐ அக்கா சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வேண்டுமென்றே அதே சாயங்கால நேரத்தில் அதே கோயிலுக்குக் கிளம்பினோம், இந்த முறை பஸ்ஸில். தம்ரின் சாலையில் ஏறி மொனாஸ் நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கே நிலையத்தை விட்டு வெளியே வராமலே காலிதெரஸ் போகும் 3-ம் எண் வழித்தடத்துக்கு மாறினோம். உள்ளேயே மாறினால் மறுபடி காசு இல்லை. நிறுத்தம் என்று நான் சொல்வதை நம் ஊர் பஸ் ஸ்டாப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சாலையின் நடுவில், பஸ்ஸின் தரை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய மேடை. மேம்பாலத்தில் ஏறி வந்து, வாசலில் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். பஸ் வந்ததும் நேராகக் கால் வைத்து ஏறலாம். படி கிடையாது, உள்ளே டிக்கெட் கேட்க யாரும் இல்லை, சில்லறைச் சண்டை இல்லை. முன்பகுதி பெண்களுக்கு. கூட்டம்தான், எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆனால் டான் மொகொத்தில் அன்றைக்கும் அப்படியே கார்கள் நின்றிருந்தன, நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். பெரிய பெரிய கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போனபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

ஒன்றைக் கவனித்தேன். தடத்துக்கும் மற்றச் சாலைக்கும் நடுவே காங்கிரீட் தடுப்பு இருக்கும் இடங்களில் பஸ் சீராகப் போகிறது. தடுப்பு இல்லாத இடம் வந்ததும் பைக்குகள் உள்ளே புகுந்துவிடுகின்றன, பின்னாலேயே ஒரு கார், பஸ்ஸும் மற்றவர்களோடு நின்றுவிடுகிறது. பெயின்ட் கோடு போதாது, தடுப்பு வேண்டும். சாலை அதே சாலை, ஓட்டுபவர்களும் அதே ஆட்கள். அந்த ஒரு முழ உயரக் காங்கிரீட்தான் வித்தியாசம்.

காலிதெரஸில் இறங்கி, செயலியில் பைக் டாக்சி பிடித்துக் கோயிலுக்குப் போனோம். பைக் டாக்சிக்கு அங்கே ஓஜெக் என்று பெயர், ஏறும் முன்பே விலை போனில் தெரிந்துவிடுகிறது. தீபாராதனைக்கு நேரத்தில் நின்றோம். அக்கா அழுதாள். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

டிரான்ஸ்ஜகார்த்தா என்ற இந்த பஸ் ஏற்பாடு 2004 ஜனவரி 15-ல் ப்ளோக் எம் முதல் கோத்தா வரை ஒரே ஒரு வழித்தடமாகத் தொடங்கியது. அப்போது ஜகார்த்தா ஆளுநராக இருந்தவர் சுத்தியோசோ. நகரத்தின் முதன்மையான சாலையான சுதிர்மான்-தம்ரின் சாலையில், கார்கள் ஓடிக்கொண்டிருந்த தடத்தைப் பிடுங்கி பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். புதிதாக இடம் தேடவில்லை. இன்றைக்கு 14 வழித்தடங்கள், 251 கிலோமீட்டர். உலகத்திலேயே நீளமான பஸ் தட அமைப்பு இதுதான். நாளுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். 13-ம் வழித்தடம் 2017-ல் திறந்தது. சிலெடுக்கிலிருந்து தெண்டேயன் வரை பஸ்ஸுக்காக மட்டுமே கட்டிய உயர்பாலத்தில் ஓடுகிறது. அதில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வீட்டு ஓடுகளும் மசூதிக் கோபுரங்களும் கீழே தெரிய, மூன்றாவது மாடி உயரத்தில் பஸ் போகிறது. அதே 3,500-க்கு இதைவிட நல்ல ஊர்சுற்றல் எதுவும் இல்லை.

இவ்வளவு இருந்தும் ஜகார்த்தாவில் நெரிசல் ஏன் தீரவில்லை என்று கேட்பீர்கள். நானும் ஹோட்டல் வரவேற்பாளரிடம் கேட்டேன். சொந்தக் கார் வைத்திருக்கும் அவர் சொன்னது ஒற்றை-இரட்டைக் கதை. வாரநாட்களில் காலை 6 முதல் 10 வரை, சாயங்காலம் 4 முதல் 9 வரை, முக்கியச் சாலைகளில் ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றை எண் கார்கள் மட்டும், இரட்டையில் இரட்டை. 2016-ல் வந்தது. வசதி உள்ளவர்கள் வேறு எண்ணில் இரண்டாவது கார் வாங்கிக்கொள்கிறார்கள். மின்சாரக் காருக்கு விதி கிடையாது.

அதற்கு முன்னால் 1992 முதல் வேறு ஒரு விதி இருந்தது: நெரிசல் நேரத்தில் ஒரு காரில் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஆள் குறைந்தவர்களுக்குக் கூலிக்கு உட்கார்ந்து வர, சாலையோரம் விரலைக் காட்டி ஆட்கள் நிற்பார்கள். ஜாக்கி என்று பெயர். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களும் உண்டு, குழந்தையும் ஒரு தலை என்பதால். குழந்தைகளை இப்படிப் பயன்படுத்துகிறார்களே என்ற கொதிப்பில் 2016-ல் அந்த விதியை எடுத்தார்கள். எல்லோரும் ஏமாற்றிய விதிதானே, போனால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எடுத்ததும் அந்தச் சாலைகளில் தாமதம் காலையில் 46 சதவீதமும் மாலையில் 87 சதவீதமும் கூடியது. எம்ஐடி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் கூகுள் மேப்ஸ் தரவை வைத்துக் கணக்கிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். விதியே இல்லாத பக்கத்துச் சாலைகளிலும் நெரிசல் கூடியதாம். அரைகுறையாக இருந்த விதியே அவ்வளவு கார்களைத் தடுத்து வைத்திருக்கிறது. பஸ்ஸை நன்றாக விடுவது பாதி வேலைதான். காரை எடுக்கச் சிரமமாக்குவது மறு பாதி. சாலைக்குக் கட்டணம் வாங்குவது பற்றி ஜகார்த்தாவில் வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள், இன்னும் வரவில்லை. அது வரும்வரை டான் மொகொத் அப்படியேதான் இருக்கும். 2025-லிருந்து நகர அரசு ஊழியர்கள் புதன்கிழமைகளில் பொதுப் போக்குவரத்தில்தான் வேலைக்கு வர வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டிருக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்தது. அதிகாரி ஏறினால்தான் ஓட்டை ஒழுகல் அடைபடும்.

நம் ஊரில் டெல்லி 2008-ல் அம்பேத்கர் நகர்-மூல்சந்த் இடையே பஸ் தடம் போட்டது. கார்க்காரர்கள் கத்தினார்கள், 2016-ல் இடித்துவிட்டார்கள். அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது. சென்னையில் ஒவ்வொரு நெரிசலுக்கும் ஒரு மேம்பாலம் என்றுதான் பதில் வருகிறது. மேம்பாலம் இறங்கும் இடத்தில் அதே நெரிசல் காத்திருக்கிறது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை முடிந்து தடுப்புகளை எடுக்கும் நாளில், மீண்டு வரும் அந்த இடத்தை அப்படியே கார்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்துக்கு ஒரு தடத்தைக் காங்கிரீட் போட்டு பஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். மெட்ரோ போகாத தெருக்களுக்கெல்லாம் பஸ்தான் போக வேண்டும், அது நெரிசலில் நின்றால் மெட்ரோவுக்கும் ஆள் வராது.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள். தள்ளுவண்டியில் விற்கும் கெத்தோப்ராக்கைத் தவறவிடாதீர்கள். இட்லி மாதிரி வெந்த அரிசிக்கட்டியைத் துண்டு போட்டு, பொரித்த டோஃபு, சேமியா, முளைகட்டிய பயறு சேர்த்து, தட்டிலேயே வேர்க்கடலை, பூண்டு, மிளகாயை அரைத்து மேலே ஊற்றி, அப்பளம் போன்ற கெருபுக்கை நொறுக்கிப் போடுகிறார்கள். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கறி இல்லை, ஆனால் கெருபுக்கில் மீனோ இறாலோ சேர்ந்திருக்கலாம், கோயிலுக்குப் போகும் நாளில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வயிறு நிறைய நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதே தெருவில் ஏசி உணவகத்தில் வாங்கிய ஃப்ரைடு ரைஸ் அதைப்போல மூன்று மடங்கு விலை, சுவை ஒன்றுமே இல்லை.

இனி உபயோகமான குறிப்புகள். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். இண்டோமாரெட் போன்ற கடைகளில் மின்பணக் கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். கார்டுக்கே தனிக் காசு உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். நாங்கள் போனபோது அதிகாலை 5 முதல் 7 மணிக்குள் ஏறினால் 2,000 ருப்பியாதான். பஸ், எம்ஆர்டி (அந்த ஊர் மெட்ரோ) என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் 10,000-க்கு மேல் போகாத கூட்டுக் கட்டணமும் இருக்கிறது. முக்கிய வழித்தடங்கள் இரவிலும் ஓடுகின்றன. விமான நிலையத்துக்குத் திரும்பும்போது சுதிர்மான் பக்கத்தில் பிஎன்ஐ சிட்டி நிலையத்திலிருந்து ரயில் பிடியுங்கள். டாம்ரி பஸ் அதைவிட மலிவாக வரலாம், ஆனால் அது டோல் சாலையில் கார்களோடு சேர்ந்து நிற்கும். சாயங்கால விமானம் என்றால் ரயில்தான்.